ஆடுகிறவன் அடிக்கமாட்டானா?

2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ வெளியானபோது, குத்துச்சண்டையைப் பார்த்தே இராத வீடுகளிலும் ஒரு பெயர் புழங்கியது: டான்சிங் ரோஸ். இடியப்பப் பரம்பரைக்காரரான ரோஸ் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை நெளித்து, காலால் தாளம் போட்டபடியே கதாநாயகன் கபிலனைத் திணறடிப்பார். ஷபீர் கல்லரக்கல் நடித்த அந்தப் பாத்திரத்தில் இங்கிலாந்து வீரர் நசீம் ஹமீதின் சாயல் அழுத்தமாகவே தெரிந்தது. பார்த்தவர்கள் ரசித்தார்கள். ரசித்த கையோடு, “இதெல்லாம் சினிமாவுக்குச் சரி” என்றும் சொன்னார்கள். நிஜ வளையத்தில் இப்படிச் சண்டையிட்டவர்களைப் பற்றியும் இதே பேச்சுதான். அடிப்படை தெரியாதவன், திமிர் பிடித்தவன், அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவன் என்பார்கள். மூன்றும் தவறு. அந்த வீரர்களின் பல வருட உழைப்பையும், அவர்களை உருவாக்கிய வாத்தியார்களையும் இந்தப் பேச்சு ஒரேயடியாக மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

“முறையாகக் கற்றவன் இப்படி நிற்கமாட்டான்.” முதலில் வருவது இதுதான். ஹமீது 1974-இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். பெற்றோர் ஏமன் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஏழு வயதில் விங்கோபேங்க் பகுதியில் பிரெண்டன் இங்கிள் நடத்திய பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். அந்தக் கூடத்தின் தரையில் கோடுகளும் வட்டங்களும் வரையப்பட்டிருந்தன. நேற்றுச் சேர்ந்த பையனும் பட்டம் வென்ற வீரனும் அதே கோடுகளின் மேல்தான் நடந்து பழக வேண்டும். இடது கால் முன்னால் வைத்துச் சில அடி, வலது கால் முன்னால் வைத்துச் சில அடி. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஒரே சரளம் வரும்வரை இது ஓயாது. ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் தலையைக் குத்தக் கூடாது, உடம்பில் மட்டும் குத்தலாம் என்பது இங்கிளின் ஏற்பாடு. அதனால் பொடியன்கள்கூட பெரிய வீரர்களோடு வளையத்துக்குள் இறங்க முடிந்தது. அடிக்குப் பயந்து உடம்பை இறுக்கிக்கொள்ளாமல், விலகவும் நழுவவும் ஆண்டுக்கணக்கில் பழக முடிந்தது.

1995-இல் கார்டிஃப் நகரில் ஸ்டீவ் ராபின்சனை எட்டாவது சுற்றில் வீழ்த்தி ஹமீது ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்தை எடுத்தபோது அவருக்கு வயது 21. அதாவது பதினான்கு வருடப் பயிற்சி. ஹமீதின் ஆட்டம் அவருக்கு மட்டும் வாய்த்த கிறுக்கு என்று நினைப்பவர்கள், அதே கூடத்திலிருந்து வந்த ஹெரோல் கிரஹாமையும் ஜானி நெல்சனையும் பார்க்க வேண்டும். தாழ்ந்த கை, நெளியும் இடுப்பு, மாறி மாறி நிற்கும் கால் எல்லாம் அவர்களிடமும் உண்டு. வடசென்னையில் பரம்பரை என்று சொல்கிறோமே, ஷெஃபீல்டிலும் இருந்தது அதுதான்.

அடுத்தது, “கையை இறக்குவது திமிர்” என்கிற நம்பிக்கை. எதிராளியைச் சீண்டுவதும் அதில் ஒரு பங்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கையைத் தாழ்த்தும்போது தற்காப்பு மறைவதில்லை, கையிலிருந்து காலுக்கு மாறுகிறது. முகத்தை மூடி நிற்கும் வீரன் குத்தைக் கையில் வாங்குவான். தாழ்ந்த கைக்காரன் குத்து எட்டாத தூரத்தில் நிற்பான். திறந்து கிடக்கும் முகத்தைப் பார்த்து எதிராளி முந்திக் குத்துவார். அந்தக் குத்து காற்றில் போன கணத்தில், கண்பார்வைக்குக் கீழேயிருந்து பதில் கிளம்பும். வருவது தெரிந்தால் தாடை தாழும், கழுத்து இறுகும். தெரியாமல் வருகிற குத்துக்கு உடம்பு தயாராவதில்லை. ஹமீது ஆடிய 37 சண்டைகளில் 31 நாக் அவுட்டில் முடிந்ததற்கு அவருடைய கை பலம் ஒரு காரணம் என்றால், இந்தத் தெரியாமை இன்னொரு காரணம்.

இதற்கு விலையும் உண்டு. 1980-இல் சென்னைக்கே வந்து கண்காட்சிப் போட்டி ஆடிய முகமது அலியும் கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பியவர்தான். 1963-இல் ஹென்றி கூப்பரும் 1971-இல் ஜோ ஃப்ரேசியரும் இடக்கை ஹுக்கால் அவரைத் தரையில் தள்ளினார்கள். தாழ்ந்த வலக்கைக்கு வழக்கமாக வருகிற தண்டனை அதுதான். 1997-இல் நியூயார்க்கில் கெவின் கெல்லியை ஹமீது நான்காவது சுற்றில் நாக் அவுட் செய்தார். அதற்குள் அவரே மூன்று முறை விழுந்து எழுந்திருந்தார்.

ஆனால் தோல்வி வந்தாலே கையின் மேல் பழி போடுவது சரியில்லை. உதையும் பிடியும் சேர்ந்த கலப்புத் தற்காப்புச் சண்டையில், ஆண்டர்சன் சில்வா 2009-இல் ஃபாரஸ்ட் கிரிஃபினை முதல் சுற்றிலேயே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீழ்த்தினார். 2013-இல் கிறிஸ் வைட்மனிடம் விழுந்தபோதும் கை அதே இடத்தில்தான் இருந்தது. இந்த முறை கால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்துகொண்டே போனார். சாய இனி இடமில்லை என்ற இடத்தில் குத்து வந்து சேர்ந்தது.

குத்துச்சண்டையில் ஹெரோல் கிரஹாமின் கதை இன்னும் கசப்பானது. கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “அடித்துப் பார்” என்று தொழிலாளர் மன்றங்களில் சவால் விட்டவர் அவர். 1990 நவம்பரில் ஸ்பெயினில் ஜூலியன் ஜாக்சனுடன் மிடில்வெயிட் பட்டத்துக்காக மோதினார். ஜாக்சனின் கண் வீங்கி மூடிக்கொண்டு வந்தது. சண்டையை நிறுத்திவிடும் நிலை. நான்காவது சுற்றில் கிரஹாம் முடித்துவிடலாம் என்று நெருங்கிப் போனார். ஒரே ஒரு வலக்கைக் குத்து. விழுந்தவர் அந்தச் சண்டைக்கு எழவில்லை. விநோத பாணியின் தோல்வி என்று இன்றும் இதைக் காட்டுகிறார்கள். நான் பார்க்கிறவரை, வாழ்நாள் முழுக்க நழுவிப் பழகியவர் நழுவாமல் நேராகப் போன கணத்தில் நடந்தது அது.

“சுழன்று உதைப்பது படத்தில்தான் எடுபடும்” என்பதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2012 ஜனவரியில் ரியோவில் நடந்த கலப்புத் தற்காப்புச் சண்டையில் எட்சன் பார்போசா சுழன்று விட்ட ஒரே உதையில் டெரி எடிம் மரம்போல் சாய்ந்தார். எதிர்ப்பக்கத்து மிகையும் உண்டு. 2010-இல் அந்தோணி பெட்டிஸ் கூண்டுச் சுவரில் கால் வைத்து எம்பி பென்சன் ஹென்டர்சனை உதைத்தாரே, அந்த உதையோடு சண்டை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஹென்டர்சன் விழுந்தார், சமாளித்தார். பெட்டிஸ் வென்றது நடுவர்களின் புள்ளியில்தான்.

லியோட்டோ மச்சீடா விஷயத்தில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. கலப்புத் தற்காப்புச் சண்டையில் கராத்தே செல்லாது என்று முடிவுகட்டியிருந்த காலம் அது. தந்தை யோஷிசோவிடம் ஷோட்டோகான் கற்ற மச்சீடா, கால்களை அகல வைத்து, பக்கவாட்டில் நின்று, எட்டாத தூரத்திலிருந்து சட்டென்று உள்ளே பாய்ந்து வெளியேறும் ஆட்டத்தால் 2009-இல் ரஷாத் எவன்ஸை வீழ்த்திப் பட்டம் வென்றார். 2011-இல் டொராண்டோவில் ரேண்டி கூட்டூரைத் தாவி உதைத்துச் சாய்த்தபோது, ‘கராத்தே கிட்’ படத்து உதை என்று உலகம் வியந்தது. அந்த உதையின் அடிப்படை முன்னுதை. நம் ஊரில் கராத்தே வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் தொடக்கத்திலேயே பழகுவது. தூரத்தைக் கணிப்பதும் புறப்படும் கணத்தைத் தேர்வதும்தான் அவர் கூட்டியவை. பார்த்தவர்களுக்குத்தான் அது விநோதம். மச்சீடா வீட்டில் அது பாலபாடம்.

கடைசியாக, “புதிர் அவிழ்ந்தால் அவ்வளவுதான்” என்ற பேச்சு. சான்றாக 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் மார்கோ அந்தோனியோ பரேரா ஹமீதைப் புள்ளிகளில் தெளிவாக வென்றதைக் காட்டுவார்கள். ஹமீதின் ஒரே தோல்வி அது. அப்போது அவர் இங்கிளை விட்டுப் பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கோட்டின் மேல் நடந்து பழகிய கால்கள் மெல்ல மந்தமாகி, ஒரே குத்தில் முடிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மேலோங்கியிருந்தது. மறுபக்கம் பரேரா யார்? முந்தைய வருடம்தான் எரிக் மொராலஸுடன் பன்னிரண்டு சுற்றும் ஓயாமல் குத்தி வாங்கிக் குத்திய முரட்டு ஆட்டக்காரர். அப்படித்தான் மேலே விழுந்து வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அன்றிரவு பரேரா பாயவே இல்லை. ஹமீதின் இடக்கைக்கு விலகி வட்டமிட்டார், பொறுமையாக ஜாப் போட்டார், ஹுக்கை அளந்து வீசினார். தன் வழக்கமான ஆட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றோடு அவர் வளையத்துக்குள் வந்திருந்தார்.