வல்லினம் எட்டாத வாய்

புரோசார்ட், மொன்றியல் அருகே

அன்புள்ள மாதவிக்கு,

அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு ஒரு வயதை ஒட்டித்தான் சத்திரசிகிச்சை என்றால், அதற்கு முன் பேச்சுச் சிகிச்சையாளருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தாய். "ஒப்பரேசன் முடியட்டும், பேச்சைப் பிறகு பார்ப்போம்" என்று வீட்டார் சொல்லக் கேட்டுக் கேட்டு எரிச்சலுற்றிருந்த என்னை, பேச்சுச் சிகிச்சையையே பயிலும் நீயும் அப்படிக் கேட்டது சும்மா இருக்கவிடவில்லை.

அண்ணத்தின் உடற்கூற்றை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் மனனம் செய்து மறந்துபோன நன்னூலைத்தான் நினைவூட்ட வேண்டும். வல்லினத்துக்கு நெஞ்சு, மெல்லினத்துக்கு மூக்கு, உயிருக்கும் இடையினத்துக்கும் கழுத்து எனப் பவணந்தி முனிவர் ஸ்தானம் வகுத்தாரே, அந்த மூவினப் பகுப்பே இச்சிசுக்களின் வாய்க்கு ஏற்ற அட்டவணை என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். வாய்க்குள் காற்றை அடைத்து விடுவிக்க வேண்டிய வல்லினம், அடைத்த காற்று மூக்கு வழியே கசிந்துவிடுவதால் அக்குழந்தைக்கு எட்டாது. மூக்கையே வாயிலாகக் கொண்ட மெல்லினமும், முழு அடைப்பு வேண்டாத இடையினமும் உயிரும் எட்டும். இலக்கணம் பண்டிதர்களின் வீண் பிரயாசை என்பார் இதற்கு என்ன சொல்வாரோ, அறியேன்.

நம் உறவுப் பெயர்களை இதில் வைத்துப் பார். அம்மா, அம்மம்மா, மாமா, மாமி, அண்ணா யாவும் மெல்லினத்தால் ஆனவை. அப்பா, அப்பப்பா, அக்கா, தாத்தா, பாட்டி ஆகியவற்றிலோ வல்லினம் இரட்டித்து நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு தகப்பனார் தொட்டிலின் மேல் குனிந்து, "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று மன்றாடினார். குழந்தை இரண்டு உதட்டையும் இறுக மூடித்தான் பார்த்தது. காற்று மூக்கால் போயிற்று. பிறந்த சொல் "அம்மா". பிள்ளைக்குத் தாயின் மேல்தான் பட்சம் என்று அவர் முகம் வாடினார். பிள்ளை அழைத்தது அவரைத்தான்.

இதிலும் பெரிய அபாயம் 'அக்கா'வில் இருக்கிறது. ககரம் வாயில் நில்லாதபோது குழந்தை தொண்டைக்குள்ளேயே காற்றை வெட்டி நிறுத்தப் பழகிவிடும். அண்ணத்தைத் தைத்த பின்னும் அப்பழக்கம் தானாகப் போவதில்லை. அண்ணப் பிளவு மட்டும் உடைய குழந்தைகளை ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவின்படி, 6 மாதத்தில் சத்திரசிகிச்சை பெற்றோரில் 8.9 சதவீதத்தினருக்கும், 12 மாதத்தில் பெற்றோரில் 15 சதவீதத்தினருக்கும் 5 வயதில் மென்னண்ணத்தின் அடைப்புப் போதாமல் இருந்தது. பேச்சின் விஷயத்தில் மாதங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

ஆகவே உன் வேலை தொட்டிலருகே தொடங்குகிறது. குழந்தை எழுப்பும் ஒலியைத் தாய் திருப்பிச் சொல்லட்டும்; தொண்டையொலியை மட்டும் திருப்பாமல், அதற்குப் பதிலாக எட்டும் ஒலியொன்றைக் கொடுக்கட்டும். 'வா', 'மாமா' போன்ற சொற்களை முதலில் தேடித் தரட்டும். 'பால்', 'பாப்பா' என்பவற்றை உதடு தெரியச் சொல்லிக் காட்டட்டும், ஆனால் திருப்பிச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதால் செவிப் பரிசோதனையும் அவசியம். பின்னாளில் பலூனும் ஊதுகுழலும் கொடுத்து ஊதவைக்கும் சம்பிரதாயத்தை மாத்திரம் நீ பின்பற்றாதே. ஊதுவது வேறு, உச்சரிப்பது வேறு.

இவ்வூர்ப் பெற்றோர், பள்ளியில் பிரெஞ்சு வரப்போவதால் வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். பிளவு அண்ணத்தில்தானே, மொழியில் அன்று; தமிழில் கைவந்த பகரம் பிரெஞ்சுக்கும் உதவும்.

தமிழ்நாட்டில் ஸ்ரீ ராமச்சந்திரா நிலையத்தார் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊர்ப் பணியாளர்களைப் பயிற்றிப் பேச்சுச் சிகிச்சையைக் கிராமங்களுக்கே கொண்டுசென்றிருக்கிறார்கள். படித்த நீ, ஒரு தாயிடம் "காத்திருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே அவள் அந்தக் குழந்தையோடு பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்