குரல் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் நாலைந்து பெண்கள். வாத்தியமே இல்லாமல் பாடினால் மேடையில் எடுபடுமா?
– வாசகி, செடெனாக், ஜொகூர்

பதில்: தாராளமாக. அமெரிக்காவின் ‘ஸ்வீட் ஹனி இன் த ராக்’ குழுவைக் கேளுங்கள். கறுப்பினப் பெண்கள் மட்டுமே பாடும் அதை 1973-இல் வாஷிங்டனில் தொடங்கியவர் பெர்னிஸ் ஜான்சன் ரீகன்; சிவில் உரிமைப் போராட்டத்தில் சிறை சென்று, அங்கும் பாடியவர். அடிமைக்காலப் பக்திப் பாடல்கள், புளூஸ், காஸ்பல் எல்லாம் பாடுவார்கள். நெடுங்காலம் பக்கத்துணை சிறு கைத்தாளக் கருவிகள்தான். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது நம் கும்மியிலும் உள்ளதுதானே! கூடுதலாக வேண்டியது, அடியில் நின்று தாங்கும் ஒரு கனத்த குரல். முதலில் அப்படிப்பட்ட குரல் உள்ளவரைப் பிடியுங்கள். தோட்டத்துப் பாட்டிகளிடம் தாலாட்டும் கும்மியும் கேட்டு வாங்குங்கள். சினிமாப் பாட்டு அப்புறம். இல்லாவிட்டால் கேட்பவர்கள் கரோக்கே எங்கே என்பார்கள்.