படிக்கும் பழக்கமும் சட்ட நுழைவுத் தேர்வும்

நம் சங்க அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இன்று மேல்நிலைப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் சட்டம் பயில விழைவோரும் உளர். திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட, பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர வேண்டுமாயின் 'கிளாட்' எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எழுதவேண்டும். இத்தேர்வு 2008-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது.

"இதற்கு எத்தனை புத்தகங்களை மனப்பாடம் செய்ய வேண்டும்?" என்று பெற்றோர் வினவுவது இயல்பே. ஆனால் இத்தேர்வு பெரிதும் அளந்து பார்ப்பது மனப்பாடத்தை அன்று, படித்தறியும் ஆற்றலையே.

தேர்வின் அமைப்பு

வினாக்கள் 120, நேரம் 2 மணி. ஆங்கிலம், நடப்பு நிகழ்ச்சிகள், சட்ட ஆய்வு, தருக்க ஆய்வு, கணிதம் என ஐந்து பகுதிகள் உண்டு. 2020-ஆம் ஆண்டு முதல், பத்திகளைக் கொடுத்து அவற்றிலிருந்தே வினா எழுப்பும் முறை வந்துள்ளது. பெரும்பாலான பத்திகள் 450 சொற்கள் வரை நீளும். எல்லாம் ஆங்கிலத்திலேயே அமையும். சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 குறைக்கப்படும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். 450 சொற்கள் கொண்ட பத்தியில் ஐந்து வினாக்கள் எனில், படிப்பதற்கும் விடை காண்பதற்கும் சேர்த்து ஐந்து நிமிடங்களே உள்ளன. நிமிடத்துக்கு 150 சொற்கள் படிப்பவருக்குப் படிப்பிலேயே மூன்று நிமிடங்கள் கழியும். சிந்திக்க எஞ்சுவது இரண்டு. நிமிடத்துக்கு 225 சொற்கள் படிப்பவருக்கோ சிந்திக்க மூன்று நிமிடங்கள் கிட்டும். ஆயினும் பொருள் விளங்காத வேகம் பயன் தராது. நான்கு தவறான விடைகள், சரியாகப் பெற்ற ஒரு மதிப்பெண்ணை விழுங்கிவிடும் அன்றோ?

உள்ளதை உள்ளவாறே படித்தல்

சட்ட ஆய்வுப் பகுதிக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்தியில் தந்த விதியை, சொல்லப்படும் நிகழ்ச்சிக்குப் பொருத்திப் பார்த்தல் போதும். நாம் அறிந்த உதாரணம் ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். "நூல் பெற்ற நெசவாளர் 30 நாட்களுக்குள் துணியை ஒப்படைக்கத் தவறினால், அடுத்த முறை நூல் பெறும் உரிமையை இழப்பார்" என்பது ஒரு சங்கத்தின் விதி. ஒருவர் 35-ஆம் நாள் துணியைக் கொணர்கிறார். அத்துணிக்குரிய கூலியைச் சங்கம் பிடித்தம் செய்யலாமா?

"தாமதம் செய்தவருக்குத் தண்டனை வேண்டியதே" எனப் பலர் விடை பகர்வர். ஆனால் விதி பேசுவது அடுத்த முறை நூலைப் பற்றியே. கூலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே இவ்விதியைக் கொண்டு கூலியைப் பிடித்தல் இயலாது. எழுத்தில் இல்லாததைத் தம் எண்ணத்திலிருந்து சேர்த்துப் படிப்பதே தேர்வில் நேரும் பெரும்பிழை. வாழ்விலும் அஃதே.

நாள்தோறும் அரை மணி

1. நாளேட்டின் தலையங்கம் ஒன்றை, அல்லது அறிவியல், பொருளாதாரம், வரலாறு பற்றிய கட்டுரை ஒன்றை நாள்தோறும் ஆங்கிலத்தில் படித்தல் வேண்டும். விருப்பமான பொருளை மட்டுமே தேர்ந்தெடுத்தல் கூடாது.

2. தெரியாத சொல் வந்தவுடன் அகராதியைத் தேடாமல், முன்பின் வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகித்துவிட்டு, இறுதியில் அகராதியோடு ஒப்பிடுதல் நன்று.

3. இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்ட பின்னரே மேலே நெய்கிறோம். அதுபோலக் கருத்தின் தொடர்ச்சி அறுந்த இடத்துக்கு மீண்டும் சென்று படிக்கவேண்டும்.

4. தொடக்கத்தில் நிதானம், சில மாதங்கள் கழித்தே கடிகாரம். விளக்கம் வந்தபின் வேகம் தானே கூடும்.

நாள்தோறும் அரை மணி என்பது ஓராண்டில் ஏறத்தாழ 180 மணியாகும். கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேரும் சிக்கன நிதியைப் போன்றதே இது. தேர்வு நெருங்கும் மாதத்தில் ஒரே மூச்சில் இதனை ஈட்ட முடியாது. ஆகவே பதினோராம் வகுப்பிலேயே தொடங்குதல் நலம்.

நாளேடு வாங்க வசதி இல்லையே எனக் கவலற்க. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். கிளை நூலகம் நம் பணத்தில் நடப்பது. அதனைப் பயன்படுத்தாமை நமக்கே நஷ்டம்.

பெற்றோரின் கடமை

"எமக்கு ஆங்கிலம் தெரியாதே; நாங்கள் எவ்வாறு உதவுவது?" என்பீர்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. இரவு உணவின்போது, "இன்று படித்ததை எழுதியவர் என்ன சொல்கிறார்? அதற்கு என்ன காரணம் காட்டுகிறார்?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் தெளிவாகச் சொன்னால், பத்தி விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். சொல்லத் தடுமாறினால், எழுத்தைப் பார்த்ததேயன்றிப் பொருளைப் பற்றவில்லை என்பது புலனாகும். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாத இல்லத்திலும் இந்தச் சோதனையை நடத்தலாம்.

இவ்வாறு பழகிய பிள்ளை, நாளை நம் சங்கத்தின் துணை விதிகளையும் தணிக்கை அறிக்கையையும் பெற்றோருக்குப் படித்து விளக்கும். படிக்காமல் கையொப்பமிடும் வழக்கம் அந்த வீட்டிலேனும் ஒழியும். தேர்வின் முடிவு எதுவாயினும் இந்த ஊதியம் உறுதி. இன்றிரவே அந்த இரு கேள்விகளைக் கேட்கத் தொடங்குவோமாக.