விண்டோஸ் புதிதாகப் போட்டபின் வைஃபை வரவில்லையா?

2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் வைஃபையோ ஒலியோ வராவிட்டால், பழுதென்று எண்ணி உடனே செலவு செய்ய வேண்டாம். அந்தப் பாகத்தை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் இல்லாமலிருக்கலாம்.

கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' மூலம் இணையம் பெறுங்கள். முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள்; பல டிரைவர்கள் தாமே வந்துவிடும். பிறகு 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, மஞ்சள் குறியுள்ள பாகத்தின் 'ஹார்ட்வேர் ஐடி'யைப் பாருங்கள். அதில் 'வென்' என்பதை அடுத்து 8086 என்றிருந்தால் அது இன்டெல் பாகம்.

கணினியின் அடியிலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். பணம் கேட்கும் 'டிரைவர் அப்டேட்டர்'களை நாடாதீர்கள். விண்டோஸ் மாற்றும் முன்பே பிள்ளைகளின் ஃபைல்களையும் வைஃபை டிரைவரையும் பென்டிரைவில் எடுத்து வைப்பது நல்லது.