வாடகை வீடும் தீக்காப்பீடும்

சாரலில் நனையும் குற்றாலத்தில் தீ விபத்தா என வியப்போர் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், திருக்குற்றாலநாதர் கோயிலுக்கு அருகே இருந்த தற்காலிகக் கடைகள் பல தீக்கிரையாயின. இடம் ஒருவருடையது, அதிலுள்ள சரக்கு வேறொருவருடையது என்னும்போது, இழப்பை ஈடுசெய்பவர் யார்? இவ்வினா கடைக்காரருக்கு மட்டுமன்று, தென்காசியில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் நமக்கும் உரியதாகும்.

"வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் செய்திருப்பார், நமக்கென்ன?" என நண்பர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. ஒரு பொருள் அழிந்தால் எவருக்குப் பண நட்டம் நேருமோ, அவரே அதனைக் காப்பீடு செய்ய இயலும். இதனைக் காப்பீட்டு நலன் என்பர். கட்டடம் எரிந்தால் நட்டம் உரிமையாளருக்கு. நம் கட்டிலும் மடிக்கணினியும் எரிந்தால் நட்டம் நமக்கு. ஆகவே, அவர் தம் கட்டடத்திற்கு எடுத்த காப்பீடு நம் பெட்டியைக் காவாது.

சட்டம் கூறுவது யாது? கட்டடம் தீயால் அடியோடு அழிந்தால், குடியிருப்பவர் விரும்பினால் வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. ஆனால் அத்தீ அவருடைய தவற்றால் மூண்டதாயின், அவ்வுரிமை அவருக்கு இல்லை. அணைக்க மறந்த அடுப்பின் விளைவு எத்தகையது என்பதை இதனால் அறியலாம்.

இக்குறையைத் தீர்க்க வழி உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுத் திட்டம் 1-4-2021 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் கட்டடத்தை விடுத்து, வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் குடியிருப்போர் காப்பீடு பெறலாம். தீ, மின்னல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். நகைகளைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கமும் ஆவணங்களும் பொதுவாகச் சேரா.

கடை வைத்திருப்போர்க்கு, ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள சொத்துகளுக்கென 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' உள்ளது. இங்கே சராசரி விதியை மறத்தலாகாது. ரூ. 2,00,000 பெறுமான சரக்கை ரூ. 1,00,000-க்கு மட்டும் காப்பீடு செய்த ஒருவருக்கு, ரூ. 50,000 சரக்கு எரிந்தால் கிடைப்பது ரூ. 25,000 மட்டுமே. பாதிக்குக் காப்பீடு செய்தவர் பாதி இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். குறைபாடு 15 விழுக்காட்டிற்குள் இருந்தால் இவ்வெட்டு இல்லை. வீட்டுத் திட்டத்தில் இவ்விதி அறவே நீக்கப்பட்டுள்ளது.

நாம் செய்ய வேண்டுவன மூன்று. பொருள்களின் பட்டியலையும் விலைச் சீட்டுகளையும் அறைக்கு வெளியே வேறோரிடத்தில் வைத்தல் ஒன்று. சான்றிதழ்களுக்கு எப்பணமும் ஈடாகாதாகையால் அவற்றின் படிகளைச் சொந்த ஊரில் வைத்தல் மற்றொன்று. தீ நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே தெரிவித்தல் மூன்றாவது.

அருவி அருகில் இருப்பதால் மட்டும் தீ நம்மை அண்டாது என்று இருந்துவிடலாகாது. நம் பெற்றோர் வியர்வை சிந்தி வாங்கித் தந்த பொருள்களை வருமுன் காப்பது நம் கடமையன்றோ!