நிழல் சொன்ன கணக்கு

தொலைக்காட்சியில் விஞ்ஞானம் என்றதும், ‘அது படித்தவர்க்குரியது’ என்று எழுந்து போவோர் நம்மிடையே உண்டு. 1980இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பான ‘காஸ்மாஸ்’ தொடரில், வானியல் அறிஞர் கார்ல் சேகன் பூமியை அளந்து காட்டக் கையில் எடுத்தவை ஓர் அட்டையும் இரு சிறு குச்சிகளுமே.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் அலெக்சாந்திரியா நகர நூலகர் எரட்டோஸ்தெனிஸ் ஒரு செய்தியைப் படித்தார். தெற்கேயுள்ள சயீன் நகரில், ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் நட்ட கோலுக்கு நிழலே இல்லையாம்! அதே வேளையில் தம் நகரில் நிழல் விழக் கண்டார்.

சேகன் அட்டையைத் தட்டையாகப் பிடித்தார். இரு குச்சிகளின் நிழலும் ஒத்திருந்தன. வளைத்தார், வேறுபட்டன. ஆகவே, பூமி வளைந்தது. நிழல் காட்டிய கோணம் ஏறத்தாழ 7 பாகை. அதாவது, வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. நகரங்களின் இடைத்தூரம் சுமார் 800 கிலோமீட்டர். ஐம்பதால் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு கிடைத்துவிட்டது. (அத்தூரத்தை நடந்தளக்க ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தியதாகச் சேகன் கூறுகிறார். அவர் பெயரை மட்டும் எவரும் குறித்து வைக்கவில்லை!)

கோலாலம்பூர் வட்டாரத்தில் மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும், பகல் ஒரு மணிக்குச் சற்றுப் பின் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பால்வெட்டு முடிந்து திரும்பியபின், பெரட்டுக்களத்தில் ஒரு கோலை நேராக நட்டுப் பிள்ளைகளோடு பார்ப்போம். நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் நோக்கலாகாது.