கடன் ஆலோசகரின் கடிதம் வந்தால் கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?

‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பலகை மாட்டிய கடையிலும் மேசை லாச்சிக்குள் ஒரு கடன் கொப்பி இருக்கும். இது நம் வர்த்தகர் அனைவரும் அறிந்ததே. ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் கடை நடத்துகின்ற நம்மவர்கள், “சம்பளம் வந்ததும் தருகிறேன்” என்ற ஒரு சொல்லை நம்பி அரிசி மூட்டையையும் பால்மாவையும் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலானோர் சொன்னபடி தருகிறார்கள். சிலரால் முடியாமற் போகிறது. அப்போது ஒருநாள் தபாலில் அறிமுகமில்லாத ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. “உங்களுக்குப் பணம் தர வேண்டிய இன்னார் எங்களிடம் ஆலோசனை பெறுகிறார். மாதம் 4 பவுண் வீதம் தருவார்” என்று அதில் எழுதியிருக்கும்.

இதைக் கண்டதும் சிலர் கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கிறார்கள். சிலர் “போனது போகட்டும்” என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டிலும் நட்டம் நமக்குத்தான். அந்தக் கடிதத்தை எப்படி வாசிப்பது, எப்படிப் பதில் எழுதுவது என்பதே இப்பாடம். இங்கு கூறப்படுபவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் சட்டமும் காலவரம்பும் வேறு.

1. கடிதம் எழுதுபவர் யார்?

கடன்பட்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை கூறும் தொண்டு நிறுவனங்கள் இந்நாட்டில் பல உண்டு. சிற்றிசன்ஸ் அட்வைஸ் 1939இல் போர் தொடங்கிய வேளையில் ஆரம்பமானது. நாஷனல் டெட்லைன் 1987 முதல் தொலைபேசி வழியாக ஆலோசனை தருகிறது. 1993இல் கன்சியூமர் கிரெடிட் கவுன்சலிங் சேர்விஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2012 முதல் ஸ்டெப்சேஞ்ச் என்று அழைக்கப்படுகிறது. கிறிஸ்டியன்ஸ் அகெயின்ஸ்ட் பாவட்டி 1996இல் பிராட்போர்ட் நகரில் தொடங்கியது.

இவர்கள் கடன்பட்டவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் உங்களுக்காக வசூல் செய்யும் முகவர்களும் அல்லர், உங்கள் எதிரிகளும் அல்லர். அவர்களுடைய கடமை வாடிக்கையாளருக்கு உரியது. ஆகவே அவருடைய அனுமதி இன்றி அவரது விபரங்களை உங்களிடம் கூறமாட்டார்கள். ஆனால் எல்லாக் கடன்களையும் ஒரே பட்டியலில் போட்டு, உள்ள பணத்தை நியாயமாகப் பங்கிடுவதற்கு வழி செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், தொகை சரியாக இருக்க வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

கடிதம் உண்மையானதா என்று முதலில் பாருங்கள். கடிதத்தில் உள்ள இலக்கத்தை அழைக்காமல், அந்நிறுவனத்தின் பொது இலக்கத்தைத் தேடி அழைத்து உறுதி செய்வது பாதுகாப்பானது.

2. மாதம் 4 பவுண் என்ற கணக்கு எப்படி வந்தது?

ஆலோசகர் முதலில் வாடிக்கையாளரின் வருமானத்தையும் குடும்பச் செலவையும் எழுதுகிறார். இதற்கென எல்லோருக்கும் பொதுவான ஒரு படிவம் 2017 மார்ச் முதல் வழக்கில் உள்ளது. வீட்டு வாடகை அல்லது வீட்டுக் கடன், கவுன்சில் வரி, எரிவாயு, மின்சாரம், நீதிமன்ற அபராதம் ஆகியவை முன்னுரிமைக் கடன்கள். இவற்றைக் கட்டாவிட்டால் வீடோ வெளிச்சமோ போய்விடும், சிலவேளை சிறைக்கும் போக நேரிடும். ஆகவே அவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கப்படும். வங்கி அட்டைக் கடன், தனிநபர் கடன், நமது கடைப் பாக்கி எல்லாம் அடுத்த வரிசையில் நிற்கும்.

மிஞ்சும் தொகை இந்த இரண்டாம் வரிசைக்காரர்களுக்கு அவரவர் கடனின் அளவுக்கு ஏற்பப் பிரிக்கப்படும். ஓர் உதாரணம்:

இரண்டாம் வரிசைக் கடன்களின் மொத்தம்: 8,000 பவுண்
உங்கள் கடைப் பாக்கி: 400 பவுண் (இருபதில் ஒரு பங்கு)
மாதம் மிஞ்சுவது: 80 பவுண்
உங்களுக்கு வரும் பங்கு: 4 பவுண்
முழுவதும் தீர: 100 மாதம், அதாவது 8 ஆண்டு 4 மாதம்

எட்டு ஆண்டு என்றதும் மனம் சலிக்கும். ஆனால் அதே வாடிக்கையாளருக்குப் பல ஆயிரம் கொடுத்த வங்கியும் இதே விகிதத்தில்தான் பெறுகிறது. சத்தம் போடுகிறவருக்குக் கூடுதல் பங்கு இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் 400 பவுண் பட்டியலில் ஏறாவிட்டால், அந்த 80 பவுணும் மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். உங்கள் பங்கு பூச்சியம்.

கடைப் பாக்கி பட்டியலில் ஏறாமற் போவது அரிதல்ல. வங்கி மாதாமாதம் கணக்குக் கூற்று அனுப்புகிறது. நாமோ கொப்பியில் மட்டும் எழுதி வைக்கிறோம். வாடிக்கையாளர் ஆலோசகர் முன் கடிதங்களைப் பரப்பும்போது நம் கடையின் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இருப்பதில்லை. தெரிந்த கடைக்காரரின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களும் உண்டு. ஆகவே பாக்கி வைத்திருப்பவர் கஷ்டத்தில் இருக்கிறார் என்று அறிந்தால் நீங்களே ஒரு கணக்குக் கூற்று எழுதிக் கொடுங்கள். “ஆலோசகரிடம் போகும்போது இதையும் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள்.

3. பதில் எழுதுவது எப்படி?

கடிதம் கிடைத்த ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுவது நல்லது. ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டிய பதிலின் கருத்து இவ்வளவுதான்:

“உங்கள் கடிதமும் அதன் கோவை இலக்கமும் கிடைத்தன. இன்ன திகதிவரை எமக்கு வர வேண்டியது 400 பவுண். கணக்கின் பிரதி இத்துடன் உள்ளது. நாம் வட்டி எதுவும் சேர்க்கவில்லை. மாதம் 4 பவுண் என்ற ஏற்பாட்டுக்கு உடன்படுகிறோம். வாடிக்கையாளரின் நிலை மாறினால் அல்லது 12 மாதத்தின் பின் மீள்பரிசீலனை செய்ய வேண்டுகிறோம். பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு இது.”

உடன்பட முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லி, வருமானச் செலவுப் படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். கடன் முகாமைத் திட்டம் எனப்படும் இவ்வகை மாதாந்த ஏற்பாடு சட்டத்தால் கட்டுப்படுத்துவதல்ல. மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆயினும் மறுத்தபின் எங்கே போவது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள்

கடிதத்தின் தலைப்பைக் கவனித்து வாசியுங்கள். பின்வரும் மூன்றும் வேறுவிதமானவை.

முதலாவது, பிரீதிங் ஸ்பேஸ் எனப்படும் மூச்சுவிடும் அவகாசம். இது 2021 மே 4 முதல் நடைமுறையில் உள்ளது. காலம் 60 நாள். அந்நாட்களில் பணம் கேட்டு அழைப்பதும், வட்டியோ கட்டணமோ சேர்ப்பதும், வசூல் முகவரை அனுப்புவதும், நீதிமன்ற நடவடிக்கையும் கூடாது. கடன் அழிவதில்லை. வாடிக்கையாளர் தாமாகத் தந்தால் வாங்கலாம். அவகாசம் தொடங்கிய பின் அவர் பட்ட புதிய கடன் இதில் அடங்காது. இந்த ஏற்பாடு உங்களுக்கு நியாயமற்ற பாதிப்பைத் தருகிறது என்று கருதினால், 20 நாட்களுக்குள் காரணத்துடன் ஆலோசகருக்கு எழுதி மீளாய்வு கேட்கலாம். கடுமையான மனநலச் சிகிச்சை பெறுவோருக்கான அவகாசம், சிகிச்சை நடக்கும் காலமும் அதன்பின் 30 நாளும் நீளும்.

இரண்டாவது, டி.ஆர்.ஓ. எனப்படும் கடன் நிவாரண ஆணை. சொத்தும் வருமானமும் மிகக் குறைந்தவர்களுக்காக 2009 ஏப்ரலில் வந்தது. 2024 ஜூன் 28 முதல் மொத்தக் கடன் 50,000 பவுண் வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுணுக்கு மேற்படக் கூடாது. ஆணை வந்தபின் 12 மாதம் காத்திருந்து, நிலை மாறாவிட்டால் பட்டியலிலுள்ள கடன் நீங்கிவிடும். ஆட்சேபம் இருந்தால் அறிவித்தல் கிடைத்து 28 நாட்களுக்குள் எழுத வேண்டும். அவர் சொத்தை மறைத்தார் என்பதற்குச் சான்று இருந்தால் எழுதுங்கள். வெறும் கோபத்துக்காக எழுதுவதில் பயனில்லை.

மூன்றாவது, ஐ.வி.ஏ. எனப்படும் உடன்படிக்கை. வாக்களித்த கடன்காரர்களின் தொகையில் 75 வீதம் ஆதரவு கிடைத்தால், வாக்களிக்காதவரையும் அது கட்டுப்படுத்தும். ஆகவே வாக்குப் படிவம் வந்தால் நிரப்பி அனுப்புங்கள்.

5. நீதிமன்றம் போகலாமா?

10,000 பவுண் வரையான வழக்குகள் பொதுவாகச் சிறு உரிமைக் கோரிக்கையாக விசாரிக்கப்படும். வழக்கறிஞர் இன்றியே போகலாம். ஆனால் தனிநபர் மீது வழக்குப் போடுமுன், 2017 அக்டோபர் முதல் உள்ள விதிப்படி முறையான கோரிக்கைக் கடிதம் அனுப்பி 30 நாள் பொறுக்க வேண்டும். கடன் ஆலோசனை பெறுகிறேன் என்று அவர் பதில் தந்தால், அதற்கும் நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும்.

வென்றாலும் தீர்ப்பு வேறு, பணம் வேறு. தவணை கேட்டால் நீதிமன்றமும் வருமானம் செலவைப் பார்த்தே முடிவு செய்யும். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டிவிட்டு, கடைசியில் அதே 4 பவுணுக்கு வந்து நிற்கக்கூடும். கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காதவருக்கே நீதிமன்றம் ஏற்ற வழி. இல்லாதவருக்கு ஆலோசகரின் ஏற்பாடே மேல்.

காலவரம்பையும் மறக்கக் கூடாது. சாதாரண கொடுக்கல் வாங்கலில் 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த 6 ஆண்டு முடியுமுன் அவர் ஒரு தவணை தந்தாலும், கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலும், காலம் புதிதாக எண்ணப்படும். ஆகவே சிறு தவணையையும் அலட்சியம் செய்யாதீர்கள். வந்த திகதியைக் குறித்து வையுங்கள்.

6. செய்யக் கூடாதவை

கடன்காரர் பெயரைக் கடையில் ஒட்டி வைக்காதீர்கள். மற்றவர் முன் சத்தமிட்டுக் கேட்காதீர்கள். அவமானப்படுத்தி வசூலிப்பது 1970ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் 40ஆம் பிரிவின்படி குற்றமாகலாம்.

பாக்கிக்கு வட்டி போடாதீர்கள். வட்டியுடன் கடன் கொடுக்க நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம். வாடிக்கையாளரின் வங்கி அட்டையை ஈடாக வாங்கி வைப்பதும் கூடவே கூடாது.

“அவர்களுக்குச் சொல்லாமல் எனக்கு மட்டும் தா” என்று வற்புறுத்தாதீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வாடகைக்கோ பிள்ளைகளின் சாப்பாட்டுக்கோ வைத்த பணமாக இருக்கும். பின்னர் திவால் நடவடிக்கை வந்தால் அக்கொடுப்பனவும் கேள்விக்கு உள்ளாகலாம்.

7. மொத்த வியாபாரிகளுக்கு

உங்களிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரர் தனியாளாக வியாபாரம் செய்கிறாரா, லிமிட்டட் கம்பனியா என்று கணக்குத் திறக்கும்போதே எழுதி வையுங்கள். மூச்சுவிடும் அவகாசமும் டி.ஆர்.ஓ.வும் தனிநபர்களுக்கே உரியவை, கம்பனிக்கு இல்லை. வியாபாரிக்கு வியாபாரி தர வேண்டிய பாக்கிக்கு, 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துக்கு மேல் 8 வீத வட்டி கேட்கலாம். 1,000 பவுணுக்குக் குறைந்த கடனுக்கு 40 பவுண் நட்டஈடும் கேட்கலாம். 6 மாதம் கடந்த வராக்கடனை ஏட்டில் தள்ளிவிட்டால், அதற்கு நீங்கள் ஏற்கெனவே கட்டிய வற் வரியை மீளக் கேட்க இடமுண்டு. இதைக் கணக்காளரிடம் கேட்டறியுங்கள்.

வராத பாக்கி கூடினால் நாமும் கடனாளியாவோம். அப்படி நெருக்கடி வந்தால் பிஸினஸ் டெட்லைன் என்ற இலவச சேவை சிறு வியாபாரிகளுக்காகவே உள்ளது. அங்கு போவதில் வெட்கம் ஏதுமில்லை.

பயிற்சி

ஒருவரின் இரண்டாம் வரிசைக் கடன் மொத்தம் 12,000 பவுண். அதில் உங்கள் பாக்கி 600 பவுண். மாதம் மிஞ்சுவது 100 பவுண். உங்கள் பங்கு எவ்வளவு? எத்தனை ஆண்டில் தீரும்? (விடை: மாதம் 5 பவுண், 10 ஆண்டு.)

இந்த விடையைப் பார்த்தபின் உங்கள் கடன் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே முழுப்பெயர், முகவரி, திகதி, தொகை, அவரது கையெழுத்து ஆகிய ஐந்தும் உண்டா? இல்லாத பெயர்களுக்கு இந்த வாரமே எழுதி வாங்குங்கள். ஒருவருக்கு எவ்வளவு வரை கடன் என்று ஓர் எல்லையும் வையுங்கள். மாதம் 4 பவுண் அனுப்புகிற வாடிக்கையாளர் காசு கொடுத்துச் சாமான் வாங்க மீண்டும் கடைக்கு வந்தால், மற்றவர்களைப் போலவே அவரையும் முகம் கொடுத்து வரவேற்றுக் கொடுங்கள்.